வழிக்கும் ஒரு ஹக்கு உண்டு

வழி யாருக்குச் சொந்தம்? கேட்டவுடன் எளிதாகத் தோன்றும் இவ்வினா, சற்றே நின்று சிந்திப்போரை எளிதில் விடுவதில்லை. வீட்டுக்கு உரியவன் உண்டு. வயலுக்கு உரியவன் உண்டு. கிணற்றுக்கும் உரியவன் உண்டு. வழிக்கு மட்டும் இன்னான் உரியவன் என்று ஒருவனைச் சுட்டிக் காட்ட முடிவதில்லை. எல்லாரும் அதன்மேல் நடக்கிறோம். ஒருவரும் அதைப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்வதில்லை. உரியவன் இல்லாத பொருளுக்கு உரிமை ஏது என்று உலகம் எண்ணக்கூடும்.

நம் பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்வாறு எண்ணவில்லை. வழியோரங்களில் அமர்ந்திருப்பதைத் தவிர்க்குமாறு அவர்கள் தோழர்களுக்குக் கூறினார்கள். கூடிப் பேச வேறிடம் இல்லையே என்று தோழர்கள் முறையிட்டபோது, அப்படியாயின் வழிக்குரிய ஹக்கைக் கொடுத்துவிட வேண்டும் என்று அருளினார்கள். அந்த ஹக்கு யாதென வினவப்பட்டதும் பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் துன்பம் தராதிருத்தல், ஸலாமுக்குப் பதில் உரைத்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் என அடுக்கிச் சொன்னார்கள். மண்ணும் கல்லுமாய்க் கிடக்கும் வழிக்கு மனிதன் கடன்பட்டிருக்கிறான் என்னும் இந்த உண்மையை நாம் பல முறை கேட்டிருக்கிறோம். ஆனால் அக்கடன் எத்தகையது, அதை ஏன் செலுத்த வேண்டும், யாருக்குச் செலுத்த வேண்டும் என்று ஆழ்ந்து பார்த்திருக்கிறோமா? அதனைச் சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொள்ளும் இடம் தொலைவில் உள்ளது. இங்கிலாந்தில் தேம்ஸ் நதியின் கரையோரப் பாதையும், அதையடுத்த பூங்காக்களும், அங்கே காலையிலும் மாலையிலும் ஓடுகின்ற மக்களுமே நம் பொருள். எந்தத் தேவையும் துரத்தாமல், இன்பத்துக்காகவும் உடல்நலத்துக்காகவும் மட்டுமே ஓடுகிறவர்கள் அவர்கள். தேவையோடு நடப்பவன் வழிக்குக் கடன்பட்டவன் என்றால், இன்பத்துக்காக ஓடுபவன் அதனினும் மிகுதியாகக் கடன்பட்டவன் ஆவான் அல்லவா?

கரையும் காட்சியும்

லண்டன் மாநகரின் தென்மேற்கே பட்னி என்னுமிடத்தில் படகிழுக்கும் பழைய பாதை தொடங்குகிறது. அங்கிருந்து நதியின் போக்கை எதிர்த்து மேற்கு நோக்கிச் சென்றால், லெச்லேட் என்னும் சிற்றூரின் அருகு வரையில் அப்பாதையின் தடத்தைப் பின்பற்றலாம். இப்பழம்பாதையையும் பிற வழிகளையும் இணைத்து, நதி பிறக்குமிடம் முதல் லண்டனின் கிழக்கே உள்ள வெள்ளத் தடுப்பணை வரை 184 மைல் நீளும் நெடுவழி ஒன்றை 1996ஆம் ஆண்டு தேசியப் பாதையாகத் திறந்து வைத்தார்கள்.

பட்னியில் தொடங்கி ஓடுகிறவனுக்கு வலப்புறம் எப்பொழுதும் நதி. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் ஆண்டுதோறும் படகுப் போட்டி நடத்தும் நீர்ப்பரப்பு அது. பட்னியிலிருந்து மார்ட்லேக் வரை 6.8 கிலோமீட்டர். கடலின் ஏற்றவற்றம் இங்கும் எட்டுவதால், ஒரு பொழுதில் கரையைத் தொட்டுத் ததும்பும் நதி, மற்றொரு பொழுதில் சேற்றையும் கூழாங்கல்லையும் காட்டி ஒதுங்கிக் கிடக்கும். ஹாமர்ஸ்மித் தொங்குபாலத்தின் அடியில் புகுந்து அப்பால் சென்றால், மரங்கள் இருபுறமும் கவிந்து, மாநகரம் அருகில் உள்ளதென்பதே மறந்து போகும். பின்னர் கியூ தாவரத் தோட்டத்தின் ஓரம். அதன் பின்னர் ரிச்மண்ட் நகரின் பாலம். அதற்கு அப்பால் பசுக்கள் மேயும் பீட்டர்ஷாம் புல்வெளி. அங்கிருந்து கரையை விட்டுக் குன்றின்மேல் ஏறினால், நதி வளைந்து செல்லும் காட்சி கண்முன் விரியும். அக்காட்சியைக் கட்டடங்கள் மறைத்துவிடலாகாது என்பதற்காக 1902ஆம் ஆண்டில் பாராளுமன்றமே சட்டம் இயற்றிற்று. குன்றின் உச்சியில் ரிச்மண்ட் பூங்கா. 2,500 ஏக்கர் பரப்பு; முதிர்ந்த கருவாலி மரங்கள்; தடையின்றித் திரியும் ஏறத்தாழ 600 மான்கள். பூங்காவைச் சுற்றியோடும் மண்பாதை மட்டும் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுடையது.

இவ்வழியே ஓடுகின்றவன் ஒரு காசும் கொடுப்பதில்லை. அவனிடம் சீட்டுக் கேட்பாரில்லை. யார் நீ, எந்த ஊர் என்று வினவுவாரும் இல்லை. மூச்சுக் காற்றைப் போல, முகத்தில் படும் வெயிலைப் போல, அவ்வழியும் இயல்பாகவே தனக்கு வாய்த்தது என்று அவன் எண்ணுகிறான். அவ்வாறு எண்ணுவது சரிதானா?

ஓட்டம் வீணானதா?

அதற்கு முன் வேறொரு வினாவுக்கு விடை கூற வேண்டியிருக்கிறது. எங்கும் போய்ச் சேராமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காக ஓடுவது அறிவுடையோர் செயலா என்று நம்மவரில் சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு நாம் நினைவூட்ட விரும்புவது அண்ணலாரின் வாழ்க்கையையே. பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள், அன்னையார் முந்தினார்கள். ஆண்டுகள் சில கழிந்து மீண்டும் ஓடியபோது பெருமானார் முந்தினார்கள். முந்தைய தோல்விக்கு இது ஈடு என்று இன்முகத்தோடு கூறினார்கள். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) என்னும் தோழர் கால்வேகத்துக்குப் பெயர் பெற்றவர். படையெடுப்பு ஒன்றிலிருந்து மதீனாவுக்குத் திரும்பும் வழியில், பெருமானாரின் அனுமதி பெற்று அன்சாரி ஒருவரோடு பந்தயம் ஓடி வென்றார். உடல் என்பது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவதும், பேணுகையில் மகிழ்வதும் வீண் ஆகா.

எனினும் வேகம் என்பது தன்னளவில் நன்மையும் அன்று. இகாமத் ஒலி கேட்டபின் தொழுகைக்கு ஓடி வராதீர்கள், அமைதியோடும் கண்ணியத்தோடும் நடந்து வாருங்கள், கிடைத்த அளவைத் தொழுது, தவறியதை நிறைவு செய்துகொள்ளுங்கள் என்பது நபிமொழியின் கருத்து. தொழுகையை நோக்கிச் செல்வதற்கே ஓட்டம் தடுக்கப்பட்டது என்றால், ஓட்டத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பது தெளிவு. ஓடுவதா நடப்பதா என்பதைவிட, எந்த உள்ளத்தோடு அவ்வழியில் கால் வைக்கிறோம் என்பதே நம் மார்க்கத்தில் முதன்மையான வினா. பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில், பூமியில் செருக்கோடு நடக்க வேண்டாமென இறைவன் தடுத்து, மனிதனால் பூமியைப் பிளக்கவும் இயலாது, மலையின் உயரத்தை எட்டவும் இயலாது என்று அவனுடைய அளவை அவனுக்கு உணர்த்துகின்றான். அர்ரஹ்மானின் அடியார்கள் பூமியில் பணிவோடு நடப்பவர்கள் என்று ஃபுர்கான் அத்தியாயம் புகழ்கின்றது. பணிவு என்பது தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பது மட்டுமன்று. தன் காலடியில் கிடப்பது யாருடைய உழைப்பு என்று அறிந்திருப்பதும் பணிவே.

கயிறு அறுத்த தடம்

இப்பொழுது அக்கரைப் பாதையை மீண்டும் பார்ப்போம். அது அழகுக்காக இடப்பட்ட பாதையன்று. நீராவியும் எண்ணெய்ப் பொறியும் வருவதற்கு முன் பாரப்படகுகள் காற்றாலும் நீரோட்டத்தாலும் சென்றன. அவை உதவாதபோது கரையிலிருந்து கயிற்றால் இழுக்கப்பட்டன. தேம்ஸ் நதியில் முற்காலத்தில் அக்கயிற்றை மார்பில் கட்டி இழுத்தவர்கள் மனிதர்களே. கூட்டம் கூட்டமாகச் சேறும் புதரும் மிதித்து, நீரோட்டத்தை எதிர்த்து, தானியமும் மரமும் நிலக்கரியும் ஏற்றிய படகுகளை அவர்கள் இழுத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரையைச் செப்பனிட்டுக் குதிரைகள் செல்லத்தக்க பாதை அமைத்த பிறகே மனிதனின் தோளிலிருந்த கயிறு குதிரையின் தோளுக்கு மாறியது. ருஷ்ய நாட்டின் வோல்கா நதியிலோ அதன் பின்னரும் நெடுங்காலம் மனிதரே இழுத்தார்கள். இலியா ரேப்பின் என்னும் ஓவியர் 1870ஆம் ஆண்டு தொடங்கி 1873இல் முடித்த புகழ்பெற்ற ஓவியத்தில், தோல்வாரில் மார்பைச் சாய்த்து மணலில் தள்ளாடிச் செல்லும் பதினொருவரை இன்றும் காணலாம்.

தேம்ஸ் கரையில் ஓடுவோர் வியப்போடு கவனிக்கும் ஒன்றுண்டு. பாதை ஒரே கரையில் தொடர்ந்து செல்வதில்லை. சிறிது தொலைவு இக்கரையில் சென்று, திடீரென அக்கரைக்குத் தாவிவிடும். காரணம் நதியின் போக்கு மட்டுமன்று. தம் தோட்டத்தின் ஓரமாகக் குதிரைகளும் கூலியாட்களும் செல்வதை விரும்பாத நிலக்கிழார்கள் இடம் தர மறுத்தார்கள். அங்கெல்லாம் குதிரைகளைத் தோணியில் ஏற்றி மறுகரைக்குக் கடத்த வேண்டியிருந்தது. செல்வரின் விருப்பம் ஒன்று ஒரு நதியின் வழியையே இரண்டாகத் துண்டித்தது. பிற்காலத்தில் அத்தோணிகள் நின்றுபோனபோது அவ்விடங்களில் வழியே அறுந்து போயிற்று. அறுந்த இடங்களைப் பாலத்தாலும் சுற்றுவழியாலும் ஒட்டித்தான் இன்றைய நெடும்பாதை உருவாயிற்று.

லண்டனுக்குள் ரீஜண்ட் கால்வாய் என்ற ஒன்று உண்டு. 1820இல் முழுமையும் திறக்கப்பட்டது. ரீஜண்ட் பூங்காவின் ஓரமாக அது செல்கிறது. அப்பூங்காவின் மேற்கு விளிம்பில்தான் பொற்குவிமாடம் தாங்கிய லண்டன் மத்திய பள்ளிவாசல் எழுந்து நிற்கிறது. அங்கே கால்வாயின்மேல் மாக்கிள்ஸ்பீல்டு பாலம் உள்ளது. 1874ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் விடியுமுன், வெடிமருந்து ஏற்றிச் சென்ற படகு அதனடியில் வெடித்து, படகிலிருந்த மூவர் மாண்டார்கள், பாலம் நொறுங்கிற்று. எஞ்சிய இரும்புத் தூண்களைக் கொண்டே பாலத்தைத் திரும்பக் கட்டியபோது, தூண்களைத் திருப்பி நட்டார்கள். ஏனெனில், அதுவரை ஐம்பதாண்டுக்கு மேலாகப் படகுக் கயிறுகள் உரசி உரசி அவற்றின் ஒரு பக்கம் ஆழமாக அறுபட்டிருந்தது. திருப்பி நட்ட பிறகு புதிய பக்கத்தையும் கயிறு அறுத்தது. ஆகவே இன்று அத்தூண்களில் இருபுறமும் பள்ளங்களைக் காணலாம்.

இரும்பையே அறுத்த கயிறு, அதை இழுத்த தோளை என்ன செய்திருக்கும்? குதிரையின் முன்னே மழையிலும் பனியிலும் நடந்த படகோட்டிகளின் சிறுவர் சிறுமியரின் கால்கள் என்ன பாடு பட்டிருக்கும்? தூணில் விழுந்த தடத்தை நாம் காண்கிறோம். தோளில் விழுந்த தடத்தைக் காண அத்தோள்கள் இல்லை. அவர்களுடைய பெயரும் இல்லை. அவர்களுடைய வழி மட்டும் நமக்காகக் கிடக்கிறது. 

இது தொலைநாட்டுக் கதை மட்டுமன்று. சென்னையின் பக்கிங்காம் கால்வாயிலும் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி மனிதர் இழுத்தனர். அதில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பெரும்பஞ்சத்தின்போது பசித்த மக்களுக்கு நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. ஒருவேளைக் கஞ்சிக்காக மண் சுமந்தவர்கள் அமைத்த வழி அது. அங்கே இன்று ஓடி மகிழக் கரையும் இல்லை. நகரத்தின் கழிவும் ஆக்கிரமிப்பும் பறக்கும் ரயிலின் தூண்களும் அதனை விழுங்கிவிட்டன. காப்பாரில்லாத வழி என்னவாகும் என்பதற்கு அது சான்று.

சுவரும் ஏணியும்

உழைத்தவர்களுக்கு மட்டுமா கடன்? வழியைக் காத்தவர்களுக்கும் அக்கடன் உண்டு. ரிச்மண்ட் பூங்கா மக்கள் உவந்தளித்த நிலமன்று. வேட்டைக்கு மான் வளர்க்க விரும்பிய முதலாம் சார்லஸ் மன்னன், குடியானவர்களின் நிலங்களும் பொது நிலங்களும் கலந்து கிடந்த அப்பரப்பை, எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் 1637இல் சுற்றுச்சுவர் எழுப்பி அடைத்தான். ஒரு சாண் நிலத்தை அநியாயமாகக் கவர்ந்தவன் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்று எச்சரித்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம்; அச்சுவரை நாம் அழகென்று மட்டும் பார்க்க இயலாது. ஆயினும் நெடுங்காலமாக நடந்து பழகிய மக்கள் ஊடே கடந்து செல்ல மன்னனும் இடம் விட்டிருந்தான். நூறாண்டு கழித்து 1751இல் பூங்காவின் காவற்பொறுப்பை ஏற்ற இளவரசி அமீலியா அதனையும் அடைத்து, தம் அனுமதிச் சீட்டுப் பெற்ற சிலரைத் தவிர மற்றவரை விலக்கினார்.

அப்பொழுது எதிர்த்து நின்றவர் ஜான் லூயிஸ் என்னும் உள்ளூர்வாசி. பியர் காய்ச்சி விற்பது அவர் தொழில். அத்தொழில் நமக்கு விலக்கப்பட்டது என்பதற்காக அவர் செய்த நீதியை நாம் மறைக்கலாகாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடலாகாது என்று மாயிதா அத்தியாயம் நமக்குக் கற்பித்திருக்கிறதன்றோ? வாயிற்காவலர் தம்மை உள்ளே விடாமல் தடுத்ததை வழக்காகத் தொடுத்த லூயிஸ், மூன்றாண்டு போராடி 1758இல் வென்றார். சுவரைக் கடக்கக் கதவு வேண்டுமா, ஏறியிறங்கும் ஏணிப்படி வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். கதவு என்றால் காலப்போக்கில் யாரேனும் தாழ் போட்டுவிடுவார்கள் என்றெண்ணி, ஏணிப்படியே போதும் என்றார் லூயிஸ். ஏணிகள் வைக்கப்பட்டன. ஆனால் படிகளுக்கிடையே வேண்டுமென்றே இடைவெளி கூட்டப்பட்டிருந்தது. சிறுவரும் முதியவரும் ஏற முடியவில்லை. லூயிஸ் மீண்டும் முறையிட்டார். முதிய பெண்களும் ஏறத்தக்கவாறு அமைக்க வேண்டுமென்று நீதிபதி ஆணையிட்டார்.

இந்த ஏணியைப் பற்றி நாம் நெடுநேரம் சிந்திக்கலாம். உரிமையை மறுப்பவன் எப்பொழுதும் கதவைச் சாத்துவதில்லை. சில சமயம் ஏணியைக் கொடுத்துப் படிகளைத் தூரமாக வைத்துவிடுகிறான். சட்டம் நிறைவேறியது போலவும் இருக்கும். வலியவன் மட்டுமே ஏறுவான். வழி திறந்திருக்கிறதா என்பதை அளப்பதற்கு வேகமாக ஓடும் இளைஞனை அளவுகோலாகக் கொள்ளலாகாது. தள்ளாடி வரும் மூதாட்டியே அளவுகோல்.

இன்னொருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். ரிச்மண்டுக்கு அப்பால், தேம்ஸ் நதி வளையுமிடத்தில் புஷி பூங்கா உள்ளது. அதனூடே சென்ற பொதுவழியை ஹாலிபாக்ஸ் பிரபு அடைத்துவிட்டார். ஹாம்ப்டன் விக் என்னும் சிற்றூரில் செருப்புத் தைத்துப் பிழைத்த திமோத்தி பென்னட் என்னும் முதியவர், தம் கடை வழியே சந்தைக்குச் செல்வோர் சுற்றுவழியில் நடந்து அல்லற்படுவதைக் கண்டார். 1752ஆம் ஆண்டில், தம் 75ஆம் வயதில், சேர்த்து வைத்த சிறுபொருளைச் செலவிட்டு வழக்குத் தொடுக்கப்போவதாகப் பிரபுவுக்கே அறிவித்தார். தாம் பிறந்தபோது இருந்ததைவிட உலகத்தை மோசமாக விட்டுச் செல்லத் தமக்கு மனமில்லை என்பதே அவர் கூறிய காரணம். பிரபு பணிந்தார், வழி திறந்தது. சில ஆண்டுகளில் பென்னட் மறைந்தார். அவர் திறந்த வழியில் அவர் நடந்த நாட்கள் சிலவே. நம் மார்க்கத்தின் சொல்லால் இதனைக் கூறுவதானால், மறைந்த பின்னும் பயன் ஓடிக்கொண்டிருக்கும் அறத்தின் சாயலை இங்கே காண்கிறோம்.

கட்டணமா? கடனா?

அதே புஷி பூங்காவில் 2004ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பதின்மூன்று பேர் கூடி ஐந்து கிலோமீட்டர் ஓடினார்கள். வாரந்தோறும், கட்டணம் ஏதுமின்றி, யார் வேண்டுமானாலும் வந்து ஓடலாம் என்பது அவர்கள் வகுத்த முறை. ‘பார்க்ரன்’ என்று பெயர் பெற்ற அவ்வழக்கம் அங்கிருந்து பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. செருப்புத் தைப்பவர் ஒருவர் காத்த பூங்காவில் காசில்லாத ஓட்டம் தோன்றியது பொருத்தமே.

ஆனால் 2016இல் பிரிஸ்டல் நகரை அடுத்த ஊராட்சி மன்றம் ஒன்று, தன் பூங்காவில் அவ்வாறு ஓடுவோர் கட்டணம் செலுத்த வேண்டுமென்று தீர்மானித்தது. நூற்றுக்கணக்கானோர் வாரந்தோறும் ஓடினால் பாதை தேயாதா, அதைச் செப்பனிடும் செலவை யார் ஏற்பது என்பது மன்றத்தின் வாதம். கட்டணம் என்று வந்தால் எளியவர் விலகுவர், பொதுப் பூங்காவின் பொருளே போய்விடும் என்பது ஓடுவோர் வாதம். உடன்பாடு ஏற்படாமல் அங்கே ஓட்டம் நின்றுபோயிற்று.

யார் பக்கம் நியாயம்? மன்றத்தின் வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட விரும்பவில்லை. வழி தேய்கிறது என்பது உண்மை. தேய்த்தவன் பொறுப்பில்லாதவன் என்று எந்த நீதியும் கூறாது. ஆயினும் கட்டணம் என்பது புதிய தாழ்ப்பாள். லூயிஸ் அஞ்சிய தாழ்ப்பாள் அதுவே. காசு கொடுத்தவன், கடன் தீர்ந்தது என்று எண்ணிக்கொள்வான். வழி அவனுக்கு விலைக்கு வாங்கிய பண்டமாகிவிடும். காசில்லாதவனோ சுவருக்கு வெளியே நிற்பான். ஆகவே நம் கருத்து இதுதான்: வழிக்குக் கட்டணம் கூடாது, ஆனால் கடன் உண்டு. கட்டணத்தை மறுக்கிறவன் கடனை ஏற்றுக்கொண்டாக வேண்டும். கடனையும் மறுத்துக் கட்டணத்தையும் மறுப்பவன் பேசுவது உரிமையைப் பற்றியன்று. தன் வசதியைப் பற்றியே. அந்த ஓட்டங்களை நடத்துவோர் ஊதியமின்றித் தொண்டு செய்கிறவர்கள் என்பது இங்கே நினைக்கத்தக்கது. ஒரு வாரம் ஓடியவர் மறுவாரம் நின்று, பிறர் ஓடுவதற்கு வழிகாட்டுகிறார். கடனைச் செலுத்தும் முறைகளுள் அதுவும் ஒன்று. கூடவே, பாதையைச் செப்பனிடுவதற்கு வரி என்றும் நன்கொடையென்றும் ஊரார் தம் ஆற்றலுக்கேற்பக் கொடுப்பதும் தேவை. வாயிலில் நின்று வாங்குவது வேறு. ஊரார் கூடிச் சுமப்பது வேறு.

ஹக்கைக் கொடுக்கும் முறை

இனி, அண்ணலார் அடுக்கிய ஹக்குகளைக் கரைப்பாதையில் வைத்துப் பார்ப்போம். ஒன்றேனும் பழமையானதாகத் தோன்றவில்லை.

துன்பம் தராதிருத்தல் என்றார்கள். பாதையின் அகலம் குறித்துப் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விடுமாறு பெருமானார் தீர்ப்பளித்ததாக ஹதீஸ் உண்டு, ஏறத்தாழப் பத்தடி. கால்வாய்க் கரைகள் பலவற்றில் அவ்வளவு அகலமும் இல்லை. அதில்தான் ஓடுபவனும், மிதிவண்டியில் விரைபவனும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் தாயும், தூண்டில் போட்டு அமர்ந்திருப்பவனும், படகையே வீடாகக் கொண்டு வாழ்பவனும் சேர்ந்திருக்க வேண்டும். அந்நாட்டுக் கால்வாய்களைப் பராமரிக்க 2012இல் அமைந்த அறக்கட்டளை, கரைப்பாதையில் நடப்போருக்கே முதலிடம் என்று விதித்திருக்கிறது. மணிக்கட்டுக் கடிகாரத்தில் நொடிகளை எண்ணிக்கொண்டு ஓடுகிறவனுக்கு முன்னால் செல்லும் முதியவர் ஒரு தடையாகத் தெரிகிறார். அந்நொடியில்தான் அவனுடைய ஒழுக்கம் சோதிக்கப்படுகிறது. வேகத்தைக் குறைக்கும்போது அவன் இழப்பது சில நொடிகள். குறைக்காவிட்டால் முதியவர் இழப்பது அச்சமின்றி நடக்கும் உரிமை.

பார்வையைத் தாழ்த்துதல் என்றார்கள். மரங்கள் கவிந்த தனிவழியில், பொழுது சாயும் வேளையில் ஓடும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். தம்மைத் தொடரும் பார்வையையும், வீசப்படும் சொல்லையும், பின்னால் கேட்கும் காலடியையும் பற்றிச் சொல்வார்கள். அவர்களுக்கு லூயிஸின் ஏணி இன்னும் சரியாக வைக்கப்படவில்லை. வழி திறந்திருக்கிறது, படிகள் தூரமாக இருக்கின்றன. பார்வையைத் தாழ்த்துதலை வழியின் ஹக்குகளுள் முதலாவதாக நாயகம் (ஸல்) அவர்கள் வைத்ததன் நுட்பம் இங்கே விளங்குகிறது. 

ஸலாமுக்குப் பதில் என்றார்கள். காதில் இசைக்கருவியைச் செருகிக்கொண்டு, எதிரே வருபவர் தலையசைத்ததையும் காணாமல் செல்பவன், அவ்வழியில் தான் ஒருவனே இருப்பதாகக் கருதுகிறான். வழியைத் தன் சொத்தாகக் கருதுவதன் தொடக்கம் அதுவே.

துன்பம் தருவதை வழியிலிருந்து அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றென்றும், அதை ஒரு சதக்கா என்றும் பெருமானார் உரைத்தார்கள். வழியில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒரு மனிதருக்கு இறைவன் பாவம் பொறுத்தான் என்பதும் அவர்கள் தந்த செய்தியே. ஓடும்போது கண்ணில்பட்ட கண்ணாடித்துண்டைக் குனிந்து எடுத்து ஒதுக்குகிறவனுக்கு அவ்வோட்டம் தடைப்பட்டதாகத் தோன்றலாம். நம் பார்வையில் அவன் குனிந்த அந்த நொடியே அவனது ஓட்டத்தின் சிறந்த பகுதி.

இவையனைத்தும் அடியார்க்குரிய ஹக்குகளைச் சேர்ந்தவை. இறைவனுக்குரிய ஹக்கில் குறை நேர்ந்தால் அவன் மன்னிக்கலாம். அடியாரின் ஹக்கில் குறை நேர்ந்தால் அந்த அடியாரிடமே பொறுத்தல் வேண்ட வேண்டும் என்பது நாம் அறிந்தது. வழியில் நாம் இடித்துச் சென்றவரின் பெயர் நமக்குத் தெரியாது. தேடிப்பிடித்துப் பொறுத்தல் கேட்கவும் முடியாது. ஆகவே வழியில் பட்ட கடன், வீட்டில் பட்ட கடனைக் காட்டிலும் அஞ்சத்தக்கது.

ஓர் அன்னையின் ஓட்டம்

முடிக்குமுன், உலகில் மக்கள் ஓடும் வழிகளுள் நம் உள்ளத்துக்கு மிக நெருங்கிய ஒன்றை நினைவுகூர்வோம். ஸஃபா குன்றுக்கும் மர்வா குன்றுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 450 மீட்டர். நீரற்ற பள்ளத்தாக்கில், தாகத்தால் துடிக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு, துணை ஒருவருமின்றி அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் அங்கே ஏழுமுறை சென்று மீண்டார்கள். அது இன்பத்துக்காக ஓடிய ஓட்டமன்று, உடல்நலத்துக்காக ஓடியதுமன்று. அந்தத் தாயின் தவிப்பு, பிற்காலத்தார் அனைவருக்கும் வணக்கமாயிற்று. மன்னரும் அவ்வழியில் ஓடுகிறார், ஏவலரும் ஓடுகிறார். அங்கே முதல் வரிசை, கடைசி வரிசை என்பதில்லை. பச்சை விளக்குகளிடப்பட்ட பகுதியில் ஆண்கள் விரைந்தோடுகிறார்கள். பெண்கள் அங்கே ஓட வேண்டியதில்லை. அவர்கள் அனைவருக்குமாக அந்த அன்னையே ஓடி முடித்துவிட்டார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

இன்று அந்த இடத்தில் குளிர்ந்த காற்றும் பளிங்குத் தரையும் உண்டு. அருகிலேயே ஸம்ஸம் நீர் உண்டு. வசதி மிகுந்த அவ்வழியில் நடப்பவர் ஹாஜரா அன்னையை நினையாது நடந்தால், கால்கள் கடமையை முடித்திருக்கலாம். உள்ளம் அங்கே வரவில்லை என்றே சொல்வோம். ஒருவரின் தவிப்பே பிறரின் எளிமைக்கு வழியாகிறது என்பதை இறைவன் அவ்விடத்தில் நமக்கு வணக்கமாகவே கற்பித்திருக்கிறான்.

தேம்ஸ் கரைப்பாதை புனிதத் தலமன்று. இரண்டையும் நாம் ஒப்பிடவில்லை. ஆயினும் ஸயீயில் பெற்ற பாடத்தை மக்காவிலேயே விட்டுவிட்டு வருவது முறையன்று. எந்த ஊரானாலும், ஆற்றங்கரையிலோ பூங்காவிலோ தெருவிலோ நாம் இலகுவாகக் கால் வைக்கும் ஒவ்வொரு வழியிலும் யாரோ சுமந்திருக்கிறார்கள், யாரோ வழக்காடியிருக்கிறார்கள். அவர்களுக்குச் செலுத்த வேண்டியதை இனி அவர்களிடம் செலுத்த இயலாது. நமக்குப் பின்னால் மெல்ல வருகிறாரே ஒருவர், அவரிடம்தான் அதைச் செலுத்தியாக வேண்டும். அவருக்காகச் சற்று ஒதுங்குவோம். அவர் காலில் குத்தக்கூடிய முள்ளை எடுத்து அப்பால் போடுவோம்.